எக்ஸ்ரே எடுத்த கையோடு ஓர் ஊசி: எலும்பு அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எலும்பு அறுவை மருத்துவ நண்பர்களுக்கு,

நான் மாவட்டத் தலைநகர் ஒன்றில் வேலை பார்க்கும் மயக்க மருத்துவர். உங்களில் பலரோடு ஒரே தியேட்டரில், பச்சைத் துணிக்கு நீங்கள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக நின்றிருக்கிறேன். இடுப்பு மூட்டு மாற்றுவதில் உங்கள் கைத்திறன் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பெருநகரங்களில் மட்டும் நடந்துவந்த அந்த அறுவை இன்று சின்ன ஊர்களிலும் நடக்கிறதென்றால் அது உங்கள் உழைப்பு. என் குறை வேறு. தொடை எலும்பின் கழுத்து முறிந்து வரும் முதியவர் கேஷுவால்டியில் ஸ்ட்ரெச்சரில் ஏறியது முதல், தியேட்டரில் நான் முதுகில் ஊசி போடுவது வரை படுகிற வலிக்கு நம் மருத்துவமனைகளில் பொறுப்பாளர் யாரும் இல்லை. இதைப் பற்றி உங்களோடு நேராகப் பேசவேண்டும். மாநாட்டு மேடைகளில் பேச ஆரம்பித்ததுமே மணி அடித்துவிடுகிறார்கள். ஆகவே இந்த மடல்.

உங்கள் வார்டில் கடைசியாகச் சேர்ந்த இடுப்பு முறிவு நோயாளியின் கேஸ் ஷீட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். சலைன், பான்டோப்ரசோல், ரத்தப் பரிசோதனைகள், எக்கோ, இதய மருத்துவரின் கருத்து, காலில் எடை கட்ட உத்தரவு, எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். வலிக்கு என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலும் டிரமடால் ஊசி, தேவைப்பட்டால். சில இடங்களில் எண்பது வயதுக்காரருக்கும் டைக்ளோஃபெனாக், அவருடைய கிரியாட்டினின் முடிவு வருவதற்கு முன்பே. தேவைப்படுகிறதா என்று யார் சொல்வது? நம் ஊர்ப் பாட்டிகள் கேட்டு வாங்குகிறவர்களா? ஏழு பிள்ளை பெற்றவளுக்கு இது ஒரு வலியா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். ரவுண்ட்ஸ் வரும்போது நீங்கள் கேட்டால், "பரவாயில்லைங்க தம்பி" என்பார்கள். நீங்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவீர்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. அசையாமல் கிடக்கும்போது வலி அவ்வளவாக இருக்காது. அசைக்கும்போதுதான் உயிர் போகும். பெட்பேன் வைக்கும்போது, விரிப்பு மாற்றும்போது, எக்ஸ்ரே மேசையில் காலைத் திருப்பும்போது, எக்கோ எடுக்க ஒருக்களிக்க வைக்கும்போது. அந்த நேரங்களில் நீங்களும் இருப்பதில்லை, நானும் இருப்பதில்லை. ஆயாம்மா இருக்கிறார், வார்டு பாய் இருக்கிறார், கூட வந்த மகளோ மருமகளோ இருக்கிறார். அந்தப் பாட்டியின் வலி எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் அவர்களிடம் விசாரியுங்கள்.

எடை கட்டினால் வலி குறையும் என்று நாம் எல்லோரும் படித்தோம். இடுப்பு முறிவில் அறுவைக்கு முன் எடை கட்டுவதால் வலி குறைவதாக ஆதாரம் இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும் செங்கல் கட்டிய காலத்து உத்தரவு இன்னும் கேஸ் ஷீட்டில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

காத்திருப்பைப் பற்றியும் பேசவேண்டும். பிரிட்டனில் நைஸ் அமைப்பின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டல், நோயாளி சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை நடக்கவேண்டும் என்கிறது. நம்மிடம் அது சுலபமில்லை. சிலர் புத்தூர் கட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சிலர் க்ளோபிடோக்ரல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். காப்பீட்டு அனுமதி வரவேண்டும், சரியான அளவில் மூட்டு வந்து சேரவேண்டும், வெளியூரிலிருந்து மகன் வந்து கையெழுத்துப் போடவேண்டும். இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்களைவிட நாம் அதிக நாள் காக்கவைக்கிறோம் என்றால், வலி நிவாரணத்தில் அவர்களைவிட நாம்தானே முந்திக்கொள்ள வேண்டும்? நடப்பது தலைகீழாக இருக்கிறது. அங்கே பல மருத்துவமனைகளில் அவசரப் பிரிவிலேயே இடுப்பில் நரம்பு பிளாக் போட்டுவிடுகிறார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்களே அதைப் போடும் இடங்களும் உண்டு.

வலியைப் பொறுத்துக்கொண்டால் போயிற்று என்று நினைப்பவர்களுக்கு இதையும் சொல்லவேண்டும். மூன்றாம் நாள் இரவு அந்தப் பாட்டி சிறுநீர்க் குழாயைப் பிடுங்கி எறிவார். செத்துப்போன அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மகளையே யாரென்று கேட்பார். குடும்பம் பயந்துபோய் விபூதி பூசும். வார்டில் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். நீங்கள் ஹாலோபெரிடால் எழுதிவிட்டு, வயசாகிவிட்டால் இப்படித்தான் என்பீர்கள். வயது மட்டும் காரணமில்லை. நியூயார்க் மருத்துவமனைகளில் இடுப்பு முறிந்து சேர்ந்த 500க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அறிவுத் தெளிவோடு வந்தவர்களில், கடும் வலியோடு விடப்பட்டவர்களுக்கு இந்த மனக்குழப்பம் வரும் வாய்ப்பு ஒன்பது மடங்கு என்று அது கண்டது. மார்ஃபின் மிகக் குறைவாகப் பெற்றவர்கள்தான் அதிகம் குழம்பினார்கள், அதிகம் பெற்றவர்கள் அல்ல. மார்ஃபின் குழப்பிவிடும் என்று அஞ்சி நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே குழப்பத்துக்கு வழிவிடுகிறது. அதற்காக இன்றே எல்லோருக்கும் மார்ஃபின் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. போதை மருந்துச் சட்டம் 2014இல் தளர்ந்த பிறகும் நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் அது அலமாரியிலேயே கிடையாது. இருக்கும் இடத்திலும் இரவில் மூச்சைக் கவனிக்க ஆள் கிடையாது. அதனால்தான் பிளாக் என்கிறேன்.

நரம்பு பிளாக்குகளை இடுப்பு முறிவில் சோதித்த 49 ஆய்வுகளை, 3061 நோயாளிகளை, காக்ரேன் அமைப்பு 2020இல் தொகுத்தது. பிளாக் போட்ட அரை மணி நேரத்துக்குள் அசைக்கும்போதான வலி குறைகிறது, மனக்குழப்பம் குறைகிறது; நெஞ்சுச் சளித் தொற்றும் எழுந்து நடக்க ஆகும் நாளும் குறையக்கூடும் என்பது அதன் முடிவு. இந்த நான்கில் வலியை எடுத்துவிட்டுப் பாருங்கள். மீதி மூன்றும் உங்கள் அறுவையின் பலனைத் தீர்மானிப்பவை. நீங்கள் மாற்றிவைத்த பந்து எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தாலும், குழம்பிப்போய் நிமோனியாவோடு படுத்திருப்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

உடற்கூறு உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் என் வாதம் அதில்தான் நிற்கிறது. இடுப்பு மூட்டு உறையில் வலியை உணரும் நரம்பு முனைகள் முன்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே வருபவை ஃபெமோரல் நரம்பின் கிளைகள், ஆப்டுரேட்டர் நரம்பின் கிளைகள், சிலருக்கு மட்டும் உள்ள துணை ஆப்டுரேட்டர். பின்பக்கம் சயாட்டிக் சார்ந்தது. முன்பக்கத்தை மரக்கச் செய்தாலே முறிவு வலியின் பெரும்பகுதி போய்விடும். ஃபேஷியா இலியாக்கா பிளாக்கில் மருந்து, பாய்க்கடியில் ஊற்றிய தண்ணீர் மாதிரி, இலியாக்கஸ் தசையை மூடிய உறைக்குக் கீழே பரவிப் போய் ஃபெமோரல் நரம்பைப் பிடிக்கிறது. ஆப்டுரேட்டர் பல நேரம் தப்பிவிடும். 2018இல் டொராண்டோவிலிருந்து ஐந்தே நோயாளிகளை வைத்து எழுதப்பட்ட சிறு கட்டுரை ஒன்று பெங் பிளாக்கை அறிமுகப்படுத்தியது. சோவாஸ் தசைநாணுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே 20 மில்லி மருந்து. மூட்டுக்குப் போகும் கிளைகளை மட்டும் பிடித்து, தொடைத் தசையின் பலத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும் அந்த முறை சில ஆண்டுகளிலேயே உலகம் சுற்றிவிட்டது. கோவை போன்ற ஊர்களில் இதையெல்லாம் அன்றாட வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியப் பகுதி மயக்க மருத்துவ அமைப்பான ஆரா மாநாட்டுக்கு மாநாடு பயிற்சி கொடுக்கிறது. ஆகவே, "எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்" என்ற பதில் இனி செல்லாது.

இனி உங்கள் தரப்புக்கு வருகிறேன். பல ஆண்டுகளாகக் கேட்டவை, ஆகவே எனக்கு மனப்பாடம்.

நேரமில்லை என்பீர்கள். தியேட்டரில் பிளாக் போட்டால் லிஸ்ட் தள்ளிப்போகும் என்பது நியாயமான கவலை. நான் கேட்பது தியேட்டரில் அல்ல. கேஷுவால்டியில், வார்டில், தியேட்டருக்கு வெளியே உள்ள காத்திருப்பு அறையில். ஊசி போட ஐந்து பத்து நிமிடம், பிடிக்க இருபது முப்பது நிமிடம். உண்மையில் உங்கள் லிஸ்டில் நேரத்தைத் தின்பது வேறு. முறிந்த காலோடு ஒருவரை நான்கு பேர் தூக்கி உட்காரவைத்து, முதுகை வளைக்கச் சொல்லி, அவர் அலறி நிமிர, மறுபடி வளைக்கச் சொல்லி நான் முதுகெலும்பு இடைவெளியைத் தேடுகிறேனே, அதுதான். அதற்காகக் கொஞ்சம் கெட்டமினோ ஃபென்டனிலோ கொடுத்துவிட்டு ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டு நடுங்குகிறேனே, அதுதான். முன்கூட்டி பிளாக் பிடித்த நோயாளி தானே சாய்ந்து உட்காருவார். நீங்கள் கை கழுவி முடிக்கும்போது நானும் முடித்திருப்பேன்.

ஸ்பைனலே போதுமே என்பீர்கள். மேசையில் போதும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அது இறங்கிவிடும், பிறகு வரும் இரவு யாருடையது? பிளாக் 8 முதல் 12 மணி நேரம் தாங்கும், சிலருக்கு இன்னும் கூட. அறுவைக்கு நாலு நாள் ஆகும் என்றால் மறுபடியும் போடலாம், அல்லது மெல்லிய குழாய் ஒன்றை விட்டுவைக்கலாம்.

கால் பலமிழந்தால் மறுநாள் நடக்கவைக்க முடியாது என்பீர்கள். முழு ஃபெமோரல் பிளாக்கில் இது உண்மை. எழுந்து நிற்கும்போது முட்டி மடங்கிவிடும், விழுவார்கள். அதனால்தான் அறுவைக்குப் பிந்தைய வலிக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை. பெங் பிளாக்கில் இந்த ஆபத்து மிகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன்; மருந்தளவு கூடினால் அது ஃபெமோரல் பக்கம் வழிந்துவிடும். நடக்கவைக்கும் முன் முட்டியை நீட்டச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் பிசியோதெரபிஸ்டுக்கு இருந்தால் போதும். உங்களில் சிலர் மெல்லிய குரலில் சொல்லும் இன்னொரு பயம் உண்டு: பாதம் தொங்கிப்போனால் அது அறுவையாலா பிளாக்காலா என்று எப்படித் தெரியும், பழி யார் மேல் விழும்? பாதத்தைத் தூக்குவது சயாட்டிக் நரம்பின் வேலை. நான் சொல்லும் இரண்டு பிளாக்கும் அந்த நரம்பின் பக்கமே போவதில்லை. பிளாக்குக்கு முன் பாதத்தையும் முட்டியையும் அசைக்கச் சொல்லிக் கேஸ் ஷீட்டில் இரண்டு வரி எழுதிவிட்டால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு என்ன செய்வது? அவர்களுக்குத்தான் இது முதலில் தேவை. க்ளோபிடோக்ரலால் ஸ்பைனலைத் தள்ளிப்போடும் நாட்களில் அவர்கள் கட்டிலில் வெறுமனே வலியோடு கிடக்கிறார்கள். ஃபேஷியா இலியாக்கா தோலுக்கு அருகில், விரலால் அழுத்தி ரத்தத்தை நிறுத்தக்கூடிய இடத்தில் இருக்கிறது. பெங் ஆழமானது, அதில் கூடுதல் யோசனை வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் கருவி பற்றிய கேள்விதான் எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு கருவியும் பதிவாக வேண்டும், நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. உசிலம்பட்டியிலும் சேலத்திலும் நடந்த பெண் சிசுக்கொலைகளை மறக்காத யாரும் அந்தச் சட்டத்தைத் திட்டமாட்டார்கள், நானும் திட்டவில்லை. ஆனால் முறைப்படி விண்ணப்பித்தால் தியேட்டருக்கென்று ஒரு கருவியைப் பதிவு செய்ய முடியும். விண்ணப்பிக்க வேண்டியது மருத்துவமனை உரிமையாளர். நண்பர்களே, சின்ன ஊர்களில் அந்த உரிமையாளர் பெரும்பாலும் நீங்கள்தான். புதிய சி-ஆர்ம் வாங்கும்போது காட்டும் வேகத்தில் பாதி இதற்குப் போதும்.

கருவி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. ஃபேஷியா இலியாக்கா பிளாக்கைப் பிரான்சில் டாலன்ஸும் அவரது சகாக்களும் 1989இல் குழந்தைகளுக்குச் செய்து எழுதியபோது அல்ட்ராசவுண்ட் கிடையாது. முன் இடுப்பு முள்ளிலிருந்து பூப்பெலும்பு முடிச்சு வரை ஒரு கோடு, அதை மூன்றாகப் பிரித்து, வெளிப்பக்க மூன்றிலொரு பங்கு முடியும் இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே மழுங்கிய ஊசி. இரண்டு உறையைத் தாண்டும்போது கைக்கு இரண்டு தட்டுத் தெரியும். தமனி உள்பக்கம், தொலைவில். கருவியோடு போடுவது இன்னும் நிச்சயமானது என்பதில் சந்தேகமில்லை. கருவியில்லாமல் போடுவது ஒன்றும் போடாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஆபத்தை மறைத்துவிட்டு இதையெல்லாம் விற்க நான் வரவில்லை. மரப்பு மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறினால் வலிப்பு வரும், இதயம் நிற்கும். நம் பாட்டிகள் பலர் நாற்பது கிலோ தேறமாட்டார்கள். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால் பியூபிவக்கெய்ன் 80 மில்லிகிராமோடு நிறுத்தவேண்டும். அரை சதவீத மருந்து 15 மில்லி, அதோடு சலைன் 15 மில்லி, ஆக 30 மில்லியில் 75 மில்லிகிராம். இழுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, மானிட்டர் மாட்டி, 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் பாட்டிலை அறையிலேயே வைத்துக்கொண்டுதான் போடவேண்டும். இங்கேதான் உங்களிடம் ஒரு கெஞ்சல். மூட்டை மூடும்போது நீங்களும் சுற்றிலும் மரப்பு மருந்து போடுகிறீர்கள். நல்ல பழக்கம். ஆனால் எவ்வளவு போட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள், நான் எவ்வளவு போட்டேன் என்று கேளுங்கள். இரண்டு பேரும் தனித்தனியே சரியான அளவில் போட்டு, கூட்டினால் இரட்டிப்பாகும் ஆபத்து நம் இருவர் பேச்சின்மையில்தான் இருக்கிறது.

தேய்ந்த மூட்டுக்காக நாள் குறித்து வந்து செய்துகொள்ளும் இடுப்பு மாற்றில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கமாட்டேன். அங்கே 2021ஆம் ஆண்டு ப்ராஸ்பெக்ட் பரிந்துரை பாரசிட்டமால், பொருந்தியவர்களுக்கு அழற்சி வலி மருந்து, டெக்ஸாமெத்தசோன், அதோடு ஃபேஷியா இலியாக்கா பிளாக் அல்லது நீங்கள் மூட்டைச் சுற்றிப் போடும் ஊசி, இவற்றில் ஏதாவதொன்று என்று விட்டிருக்கிறது. நீங்கள் நன்றாகப் போடுகிறீர்கள் என்றால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். அந்த நோயாளி நடந்து வந்தவர். முறிவு நோயாளி தூக்கி வரப்பட்டவர். என் வாதாட்டம் இரண்டாமவருக்காக.

காசு விஷயத்தையும் கூச்சமில்லாமல் பேசிவிடுவோம். தனியார் மருத்துவமனைகளுக்கு நாங்கள் கேஸுக்குக் கேஸ் வந்துபோகிறவர்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பிளாக் போட மட்டும் கூப்பிட்டால் அதற்குக் கட்டணம் என்று ஒரு தலைப்பே உங்கள் பில்லில் கிடையாது. காப்பீட்டுத் தொகுப்பிலும் தனியாக இல்லை. அதனால் நீங்களும் கூப்பிடுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. மருந்துக்கு ஆகும் செலவு சொற்பம். வந்துபோகும் மருத்துவருக்கு ஒரு நியாயமான தொகையை அறுவைக் கட்டணத்துக்குள்ளேயே ஒதுக்குங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே டியூட்டியில் ஆள் இருக்கிறார், அழைப்புத்தான் இல்லை.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் இடுப்பு முறிவு அட்மிஷன் தாளில், எக்ஸ்ரே என்ற வரிக்கு அடுத்த வரியாக, "மயக்க மருத்துவரை பிளாக்குக்கு அழைக்கவும், நேரம்:" என்று அச்சடியுங்கள். முறிவு எக்ஸ்ரேயில் உறுதியானதும், வார்டுக்கு ஏற்றுவதற்கு முன், எடை கட்டுவதற்கு முன் அந்த அழைப்புப் போகவேண்டும். உங்கள் முதுநிலை மாணவர்களையும் டியூட்டி டாக்டரையும் எங்களிடம் அனுப்புங்கள். ஃபேஷியா இலியாக்காவைக் கற்றுத்தருகிறோம், பிறகு எங்களுக்காகக் காத்திருக்கவும் தேவைப்படாது. பாரசிட்டமாலை 'தேவைப்பட்டால்' என்றில்லாமல் எடைக்கேற்ற அளவில் மணிக்கணக்கு வைத்து எழுதுங்கள். ஏனென்றால் பிளாக் இறங்கும் நேரம் பெரும்பாலும் நள்ளிரவாக இருக்கும், அப்போது வலி மொத்தமாக வந்து விழும். இரவு செவிலியருக்கு அந்த நேரத்தை எழுதிக்கொடுங்கள். வலி எவ்வளவு என்பதைப் படுத்திருக்கும்போது கேட்காமல், திருப்பிப் படுக்கவைக்கும்போது பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்; பேச முடியாதவர் என்றால் முகத்தைப் பார்த்துக் குறிக்கட்டும்.

அந்த "நேரம்:" என்ற கட்டத்தை வெறுமையாக விட்ட கேஸ் ஷீட்டுகளை மாதக் கூட்டத்தில் எடுத்துவையுங்கள். அழைத்தும் நாங்கள் வராமல் போயிருந்தால், எங்கள் பெயரைச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்ல நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தியேட்டர் தோழன், ஒரு மயக்க மருத்துவர்